வழி கேட்டுப் போனவர்கள்

பயணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று எழுதியவர்கள் விமான நிலைய வரிசைகளில் அதிக நேரம் நின்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உலகத்தில் பாதியைப் பார்த்துவிட்டவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள். விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று ஓர் அறிவிப்பு வரட்டும். அத்தனை தேசங்களும் அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தன என்பது, கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் அவர்கள் பேசும் தொனியிலேயே தெரிந்துவிடும்.

நானும் அந்த வரிசைகளில் நின்றவன்தான். தொழிற்சாலைகளில் இயந்திரங்களை நிறுவி, ஓடவிட்டு, அங்கிருப்பவர்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிற வேலை. காலில் சக்கரம் கட்டியவன் என்று வீட்டில் சொல்வார்கள். வேலைக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் யாத்திரைப் பாதைகளில் நடக்கப் போய்விடுவேன். இத்தனைக்கும் பிறகு, ‘பயணம் உங்களை எப்படி மாற்றியது?’ என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. பார்த்த இடங்களைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் என்னிடம் ஏதாவது மாறியிருக்கிறது என்றால், அது அந்த இடங்களால் நடந்ததாகத் தோன்றவில்லை.

இபன் பதூதாவை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் அவரைவிட அதிகம் சுற்றியவர் என்று யாரையும் எளிதில் சொல்லிவிட முடியாது. 1325ல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குக் கிளம்பியவர், மெக்காவோடு நிற்காமல் கிழக்கு ஆப்பிரிக்கா, நடு ஆசியா, இந்தியா, மாலத்தீவு, சீனா என்று போய்க்கொண்டே இருந்தார். 1352ல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குப் போனார். அரசர் வரவேற்புப் பரிசு அனுப்பியிருக்கிறார், எழுந்து வாருங்கள் என்று சொன்னதும், பட்டாடையும் பணமும் வந்திருக்கும் என்று எழுந்தாராம். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு குடுக்கைத் தயிர். சிரித்துவிட்டார். சிரிப்போடு விடவும் இல்லை. பிறகு அரசரை நேரில் பார்த்தபோது, ‘உலகமெல்லாம் சுற்றி எத்தனையோ மன்னர்களைச் சந்தித்திருக்கிறேன். உங்களைப் பற்றி அவர்களிடம் நான் என்ன சொல்வது?’ என்ற பாணியில் குறைப்பட்டுக்கொண்டார். வீடும் பொன்னும் கிடைத்தன. இதையெல்லாம் வெட்கமே இல்லாமல் அவரே சொல்லி எழுதவைத்திருக்கிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் ஊர் சுற்றியவரின் கதை இது. நடந்த தூரத்தையே ஒரு மிரட்டலாக்கிக்கொள்ளவும் முடியும் என்பது அவர் தயவில் தெரிகிறது.

ஆனால் இதே மனிதரின் கதையில், தொடக்கத்திலேயே, இன்னொரு காட்சி வருகிறது. வயது 21. தனியாகக் கிளம்பிவிட்டார். வழியில் காய்ச்சல் கண்டு, கீழே விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்கிறார். யாத்திரைக் கூட்டம் துனிஸ் நகரை அடைகிறது. ஊர்க்காரர்கள் வெளியே வந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக நலம் விசாரித்து அழைத்துப் போகிறார்கள். இவரைத் தெரிந்தவர் யாருமில்லை, ஆகையால் இவரிடம் யாரும் வரவில்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த யாத்ரீகர் ஒருவர் அருகில் வந்து முகமன் சொல்லி, நகரத்துக்குள் போகும்வரை பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

பயணம் ஒருவருக்கு ஏதாவது செய்கிறது என்றால் இந்த மாதிரித் தருணங்களில்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். பிரமிடுகளும் பனிமலைகளும் கண்ணுக்கு விருந்து, சரி. ஆனால் அந்நிய ஊர் ஒன்றில், நம்மை யாரென்றே தெரியாத ஒருவரிடம், ‘எனக்கு இது வேண்டும், என்னால் முடியவில்லை’ என்று வாயைத் திறந்து கேட்கிறோமே, அப்போது உள்ளே ஏதோ ஒன்று தளர்கிறது. துனிஸ் வாசலில் அழுத இளைஞனை எனக்குப் பிடிக்கும். மாலியில் குறைப்பட்டவரையும் புரிந்துகொள்ள முடிகிறது. அதற்குள் அவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார், கேட்பவர் என்ற நிலையிலிருந்து கொடுக்கப்பட வேண்டியவர் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

என் கதையில் துனிஸ் என்பது ஒரு சிறு நகரத்து லாட்ஜ். வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், நான் மறுநாள் போவதாக இருந்தேன். இரவில் காய்ச்சல் ஏறியது. அந்த ஊர் மொழியில் எனக்கு ‘நன்றி’யும் ‘எவ்வளவு’வும் மட்டும்தான் தெரியும். காலையில் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்மணி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார். நான் கட்டிலில் சுருண்டிருந்ததைப் பார்த்தார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, புறங்கையை என் நெற்றியில் வைத்தார். அப்புறம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய ஃப்ளாஸ்க். மூடி தொலைந்துபோயிருக்க வேண்டும், வாயில் ஒரு துணியைச் சுருட்டி அடைத்திருந்தார். வெந்நீரை டம்ளரில் ஊற்றி, இரண்டு டம்ளர்களுக்கிடையே மாற்றி மாற்றி ஆற்றி, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். போகும்போது கதவைச் சாத்தவில்லை. ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்தார். அன்றும் மறுநாளும் அந்த நடையில் அவர் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை உள்ளே விழும். அதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

கிளம்பும்போது பணம் கொடுத்தேன். வாங்க மறுத்தார். வற்புறுத்தினேன். அவர் முகம் மாறியது. என்னிடம் இருந்த ஒரே நாணயம் அங்கே செல்லவில்லை. அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, இனி பார்க்கப் போவதும் இல்லை. கைம்மாறு செய்யவே வழியில்லாத ஒரு கடன் என் கணக்கில் அப்படியே நிற்கிறது. சொந்தக்காரர்களிடமும் நண்பர்களிடமும் நமக்கு எப்போதும் ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருக்கும், இன்று இல்லாவிட்டால் நாளை நேர் செய்துவிடலாம் என்று மனம் சமாதானமாக இருக்கும். இங்கே அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. வாழ்க்கையில் நான் வாங்கிக்கொண்டது, கொடுத்ததைவிட எப்போதுமே அதிகமாகத்தான் இருந்திருக்கும் என்ற எண்ணம் அந்த லாட்ஜில்தான் முதன்முதலில் வந்தது. பிறகு அது போகவே இல்லை.

இதைத் தற்செயலுக்கு விடாமல், ஒரு விதியாகவே வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பின்னாட்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். தேரவாத பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளில் ஒன்று: தண்ணீரும் பல் துலக்கும் குச்சியும் தவிர, வேறு எதையும் யாராவது கையில் கொடுக்காமல் வாயில் போடக்கூடாது. மரத்தடியில் பழம் விழுந்து கிடந்தாலும், ஒருவர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. இன்று கிடைத்ததை நாளைக்கு எடுத்து வைக்கவும் கூடாது. காட்டில் தனியாக உட்கார்ந்து ஞானம் தேடுகிறேன், யாரோடும் எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு துறவி சொல்லிவிடவே முடியாது. தினமும் காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் வந்தே ஆக வேண்டும். புத்தர் 45 ஆண்டுகள் இப்படித்தான் ஊர் ஊராக நடந்தார். துறவு என்றால் பிறரைச் சாராமல் இருப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விதிகளைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது.

ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 கோயில்களைச் சுற்றி வரும் யாத்திரை ஒன்று உண்டு, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வழியில் ஊர்க்காரர்கள் யாத்ரீகர்களுக்கு ஏதாவது கொடுப்பார்கள். பழம், காசு, தங்க இடம், சில சமயம் காலாற உட்கார ஒரு திண்ணை. யாத்ரீகர் அதை மறுக்கக்கூடாது என்பது மரபு. வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. வாங்கிக்கொண்டு, தன் பெயர் எழுதிய ஒரு சீட்டைப் பதிலுக்குக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் ஊன்றுகோல் அந்த யாத்திரையின் குருவான கோபோ தாய்ஷியே என்பது நம்பிக்கை, ஆகவே தனியாக நடப்பவரும் அங்கே தனியாக நடப்பதில்லை. தாய்ஷி ஒரு முறை பாலத்தடியில் படுத்துத் தூங்கினாராம். அதனால் இன்றும் பாலங்களைக் கடக்கும்போது யாத்ரீகர்கள் ஊன்றுகோலைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே அவர் தூங்கிக்கொண்டிருக்கக்கூடும் அல்லவா. இதைப் படித்த நாளிலிருந்து பாலத்தடியில் படுத்திருப்பவர்களை நான் பார்க்கும் விதமே கொஞ்சம் மாறிவிட்டது.

கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது கடினம். சந்தேகம் இருந்தால் யாராவது உங்களுக்காகப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும்போது உங்கள் கை எவ்வளவு வேகமாகப் பைக்குள் போகிறது என்று பாருங்கள்.

சதீஷ் குமார் என்ற பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வயதில் சமணத் துறவியாகி, 18 வயதில் அதிலிருந்து வெளியேறியவர். 1962ல் அவரும் நண்பர் மேனனும் அணு ஆயுதங்களுக்கு எதிராக டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று அணு வல்லரசுகளின் தலைநகரங்களுக்கெல்லாம் போவதாகத் திட்டம். ஆசி வாங்கப் போனபோது வினோபா பாவே சொன்ன யோசனை: கையில் காசே இல்லாமல் போங்கள். பாகிஸ்தான் எல்லையில் வழியனுப்ப வந்த ஒரு தோழி, எதிரி நாடு ஆயிற்றே, யார் என்ன தருவார்களோ என்று சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினாராம். இவை சாப்பாட்டுப் பொட்டலங்கள் இல்லை, அவநம்பிக்கைப் பொட்டலங்கள் என்று சொல்லி மறுத்துவிட்டதாகச் சதீஷ் குமாரே பின்னர் சொல்லியிருக்கிறார். அவர்கள் போய்ச்சேர்ந்தார்கள்.

அமெரிக்காவில் மில்ட்ரெட் நார்மன் என்ற பெண்மணி 1953ஆம் ஆண்டின் முதல் நாளில் நடக்கத் தொடங்கி, அதன்பின் பீஸ் பில்கிரிம் என்ற பெயரிலேயே வாழ்ந்தார். யாராவது தங்க இடம் கொடுக்கும்வரை நடப்பது, யாராவது சாப்பிடக் கொடுக்கும்வரை பட்டினி கிடப்பது என்பது அவருடைய விரதம். கேட்கவும் மாட்டார். சட்டைப் பைகளில் ஒரு சீப்பு, மடிக்கிற பல்துலக்கி, பேனா, துண்டுப் பிரசுரங்கள், வந்த கடிதங்கள். 1964ல் 25,000 மைல் தாண்டியதும் தூரத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அவருடைய விரதத்தைவிட எண்ணுவதை நிறுத்தியதுதான் பெரிதாகத் தெரிகிறது. எத்தனை நாடு, எத்தனை மைல் என்ற கணக்கை நம்மில் யாரால் விட முடிகிறது?

இதையெல்லாம் நாமும் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. என்னால் ஒரு நாள்கூட முடியாது. காசில்லாமல் நடப்பதற்கும் ஒரு தைரியமும், பல இடங்களில், ஆணாக இருக்கும் சலுகையும் வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பேசவும் கூடாது. ஆனால் மூட்டை விஷயத்தில் மட்டும் எல்லோரும் கொஞ்சம் முயன்று பார்க்கலாம். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689ல் வீட்டை விற்றுவிட்டு வடக்கு நோக்கி நடந்தார். அப்பேர்ப்பட்டவரே, வழியனுப்ப வந்தவர்கள் கொடுத்த அன்பளிப்புகளைத் தூக்கி எறியவும் மனமில்லை, சுமக்கவும் முடியவில்லை என்று தோள் வலியோடு புலம்பியிருக்கிறார்.

சரி, ஆன்மிகத்துக்கு வருவோம். அந்தச் சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் மலை உச்சியில் எனக்கு எந்த ஒளியும் தெரிந்ததில்லை. உச்சியில் பெரும்பாலும் மூச்சு வாங்கும், காற்று அடிக்கும், எப்போது இறங்கலாம் என்று இருக்கும். நடந்தது வேறு.

நீண்ட நடையில் முதல் சில நாள்கள் மனம் வேடிக்கை பார்க்கும். மரம், பறவை, மேகம் எல்லாம் அழகாக இருக்கும். அப்புறம் அலுத்துவிடும். பாதை நாளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பேச ஆளிருக்காது, கால் தானாக நடக்கும். அப்போது மனம் பழைய கோப்புகளைத் திறக்கும். எனக்கு வந்தது ஒரு முன்னாள் மேலாளர். எப்போதோ ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்ன ஒரு வாக்கியம். அதற்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைக் காலையிலிருந்து செதுக்கத் தொடங்கினேன். முதலில் நீண்ட பதில். பிறகு இன்னும் கூர்மையாக. மதியத்துக்குள் அவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வசனம் தயாராகிவிட்டது. அடுத்த நாளும் அதே வழக்கு, மறுபடியும் நானே வாதி, நானே வக்கீல், நானே நீதிபதி. அதற்கடுத்த நாள் பிற்பகல், ஓர் ஏற்றத்தின் நடுவில், அந்த வசனத்தைத் தொடங்கினேன், முடிக்கத் தோன்றவில்லை. போரடித்துவிட்டது. அவரை மன்னித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவரைப் பற்றி நினைக்க இன்னும் சுவையாக எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான். அந்த ஏற்றம் ஏறி முடித்தபோது தலைக்குள் அவ்வளவு அமைதி. பிரார்த்தனை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஏதோ ஒன்றைக் கேட்பதாகவே இருந்தது. அன்று கேட்க ஒன்றும் இல்லை, ஆனாலும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. இதற்கு மேல் அதை விளக்கினால் பொய் கலந்துவிடும்.

வீட்டில் இருந்தபடியே இது நடக்காதா என்றால், நடக்கலாம். ஆனால் வீட்டில் அந்த மேலாளர் நினைவுக்கு வந்ததும் எழுந்துபோய் தொலைக்காட்சியைப் போட்டுவிடுகிறோம். பாதையில் தப்பிக்க இடமில்லை.

பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கையிலிருந்து எனக்கு மறக்காத பகுதி நாலந்தா அல்ல, கோபி பாலைவனம். நாட்டை விட்டு வெளியே போகத் தடை இருந்த காலத்தில், 629 வாக்கில், திருட்டுத்தனமாகக் கிளம்பினார். பாலைவனத்தில் தனியாக வழி தவறினார். தண்ணீர் குடிக்கத் தோல்பையைத் தூக்கியபோது கை நழுவி, மொத்தமும் மணலில் கொட்டிப்போயிற்று. திரும்பிப் போக முடிவுசெய்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தார். இந்தியாவை அடையாமல் ஓர் அடிகூடக் கிழக்கே வைக்க மாட்டேன் என்று எடுத்த உறுதி நினைவுக்கு வர, மறுபடியும் குதிரையை மேற்கே திருப்பினார். நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தது அவரல்ல, குதிரை. அவர் எவ்வளவு இழுத்தும் கேட்காமல் வேறு பக்கம் போய், புல்லும் நீருமாக இருந்த ஓரிடத்தில் நின்றது.

அது அவருடைய குதிரையே இல்லை என்பதுதான் விஷயம். அவர் வாங்கி வைத்திருந்தது நல்ல இளங்குதிரை. புறப்படுவதற்குமுன் ஒரு கிழவர் வந்து, உன் குதிரை சின்னது, வழி தெரியாதது, என்னுடையது இந்தப் பாதையில் பதினைந்து முறை போய் வந்தது, மாற்றிக்கொள் என்றார். பார்க்க இளைத்துப்போன கிழட்டுக் குதிரை. இவர் மாற்றிக்கொண்டார். உறுதிக்காக அவரைப் புகழ்பவர்கள் நிறைய. அந்நியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு நல்ல குதிரையைக் கொடுத்துவிட்டு நோஞ்சான் குதிரையை வாங்கிக்கொண்டாரே, அதற்குத்தான் நான் வணங்குவேன்.

இனி, பயணம் கெடுப்பதைப் பற்றி. ஆறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மடங்களுக்கு விதி வகுத்த புனித பெனடிக்ட், தொடக்கத்திலேயே துறவிகளில் நான்கு வகை உண்டு என்று சொல்லி, கடைசி வகையை வெளுத்து வாங்குகிறார். மடம் மடமாகப் போய் மூன்று நாளோ நான்கு நாளோ விருந்தாளியாக இருந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள். எங்கும் நிலைக்காதவர்கள், தம் விருப்பத்துக்கும் நாக்குக்கும் அடிமைகள். படிக்கும்போது இன்று கையில் மடிக்கணினியோடு ஒரு மாதத்துக்கு ஒரு கடற்கரை மாற்றுகிறவர்களின் முகங்கள் எனக்கு வந்துபோயின. சில நாள் தங்குகிற இடத்தில் யாரும் நம் கோபத்தைப் பார்ப்பதில்லை, நாமும் யாருடைய கோபத்தையும் தாங்க வேண்டியதில்லை. விருந்தாளியாக இருக்கும்வரை எல்லோரும் நல்லவர்கள்தான்.

ஆய்வுகளும் இதற்கு ஒத்தாசையாக இருக்கின்றன. 2018ல் வெளியான ஓர் ஆய்வு, வெளிநாட்டில் வாழ்ந்தவர்களில் தன்னைப் பற்றிய தெளிவு யாருக்கு அதிகம் என்று பார்த்தது. எத்தனை நாடுகள் என்பது பொருட்டாக இல்லை, எவ்வளவு காலம் என்பதே பொருட்டாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. பல நாடுகளின் அனுபவம் பரவலாகச் சேரச் சேர, நேர்மை தவறுவதும் கூடுகிறது என்றது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு நியாயம் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, நியாயமே ஆளுக்கு ஆள் மாறும் சமாசாரம்தானே என்ற முடிவுக்கு மனம் வந்துவிடுகிறதாம். இந்த ஞானத்தைப் பேசும் நண்பர்கள் எனக்கும் இருக்கிறார்கள். ‘நிறைய பார்த்துட்டேன், எல்லாம் ஒண்ணுதான்’ என்பார்கள். எதுவும் உறுத்தாத நிலையைப் பக்குவம் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அலைகிற மரபுகளுக்கே இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது போலும். பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கியே ஆக வேண்டும், சமணத் துறவிகள் நான்கு மாதம். மழையில் நடந்து இளம் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை சொன்னதால் புத்தர் இந்த விதியை வைத்தார் என்பது வரலாறு. அதோடு, மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் அதே முகங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பதில் வேறொரு பயிற்சியும் நடந்திருக்கும். நடக்கும்போது கற்றது நிற்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

இப்போது கேட்க வேண்டிய அவசியமே போய்விட்டது. கைபேசி வழி சொல்கிறது, அறை பிடித்துத் தருகிறது, எந்த மூலையில் யார் எவ்வளவு நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று காட்டுகிறது, பேசவேண்டியதை மொழிபெயர்த்தும் விடுகிறது. ஓர் ஊருக்குள் போய், தங்கி, அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வர முடியும். நானே அப்படி வந்திருக்கிறேன். வசதிதான், குறை சொல்லவில்லை. தனியாகப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதும் தெரியும். ஆனால் அப்படிப் போய்வந்த ஊர்களில் எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. இப்போது புது ஊரில் முதல் முறை வழி தேடும்போது கைபேசியை எடுப்பதில்லை, ஆளைக் கேட்கிறேன். சிலர் தப்பான வழியைக் காட்டுகிறார்கள், அதுவும் பெரிய நம்பிக்கையோடு. சிலர் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வருகிறார்கள். ஒருவர் கேள்வியை முழுதாகக் கேட்காமலே ஆரம்பித்து, தன் மகளின் கல்யாணக் கதையில் முடித்தார். ரயிலைத் தவறவிட்டேன்.

ஊர் திரும்புவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அப்பர் கயிலாயத்துக்குப் போன கதை நமக்குத் தெரியும். பாதம் தேய்ந்து, கையால் ஊர்ந்து, மார்பால் தவழ்ந்து, புரண்டு புரண்டு போகிறார். வழியில் முனிவர் வடிவில் வந்த இறைவன், திரும்பிப் போ என்கிறார். இவர் கேட்கவில்லை. கடைசியில் அங்கிருந்த குளத்தில் மூழ்கு என்று உத்தரவு, மூழ்கி எழுந்தால் திருவையாறு. கயிலாயக் காட்சி அங்கேதான் கிடைக்கிறது. ‘அப்படியானால் திருவையாற்றிலேயே இருந்திருக்கலாமே’ என்று சிறு வயதில் நான் கேட்டதுண்டு. இப்போது தோன்றுவது: உடம்பால் செய்ய முடிந்தது எதுவும் மிச்சமில்லை என்றான பிறகுதான் அந்தக் குளம் வருகிறது.

யுவான் சுவாங்கும் திரும்பினார், 645ல், 657 நூல்களோடு. பேரரசர் பதவி கொடுத்தார், வேண்டாம் என்றார். மீதியிருந்த 19 ஆண்டுகளும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அவர் பயணத்தைக் கொண்டாடும் யாரும் அந்த உட்கார்ந்த வருடங்களைப் பேசுவதில்லை. எழுதத் தகுந்த சாகசம் எதுவும் அதில் இல்லை. விளக்கும் மேசையும்தான்.

எனக்கு அந்த அளவு பணி எதுவும் காத்திருக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரே வீட்டில் தங்கத் தொடங்கியபோது கண்டுகொண்டது ஒன்றுதான். முகம் தெரியாதவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்கப் பழகிய நான், தெரிந்தவர்களிடம் எதையும் கேட்பதில்லை. அந்நியரிடம் கேட்டால் கௌரவம் போவதில்லை, நாளை நாம் அங்கே இருக்க மாட்டோம். அடுத்த வீட்டுக்காரர் நாளையும் நம்மைப் பார்ப்பார், ‘இவருக்கு முடியவில்லை’ என்று தெரிந்துகொண்டவராகப் பார்ப்பார். இத்தனை பாதைகளும் எனக்குப் பாதிப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கின்றன.

போன மாதம் முழங்கால் மிகவும் மோசமாகிவிட்டது. புத்தக அலமாரியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்ற வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்க எண்ணைத் தேடிக்கொண்டிருந்தவன், கைபேசியை வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன். மேல் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அட, இதுக்கா சார்? இத்தனை வருஷமா ஒரு உதவின்னு நீங்க கேட்டதே இல்லையே. நாங்களா வந்து கேட்கவும் தயக்கமா இருந்தது” என்றார்.

இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். அலமாரியை நகர்த்தும்போது சுவரில் ஒரு கீறல் விழுந்தது, அதற்கு என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, “சார், நீங்க மெஷின் வேலை பார்த்தவர்தானே? எங்க தண்ணி மோட்டார் பத்து நாளா ஒரு மாதிரி சத்தம் போடுது” என்றார்.

பேரிங் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.